கராஜுக்குள் ரிக் வெல்டிங்: வாங்குமுன் ஒரு கணக்கு

கனடாவுக்கு வந்து சேர்ந்த எம்மவரில் கைத்தொழில் தெரிந்தவர்கள் பலர். ஊரில் இரும்புப் படலையும் யன்னல் கம்பியும் செய்த கைகள் இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகின்றன. "ஒரு மெசினை வாங்கிக் கராஜுக்குள் வைத்தால் பின்னேரங்களில் நாலு காசு பார்க்கலாமே" என்ற எண்ணம் அவர்களுக்கு வருவது இயல்பு. நல்ல எண்ணந்தான். ஆனால் வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, மாதச் சீட்டு எல்லாம் போக மிஞ்சும் பணத்திலேதான் இதற்குக் கைவைக்கவேண்டும். எனவே ஒன்ராறியோவில் வாழும் ஒரு குடும்பத்தை மனதிற்கொண்டு இச்செலவுக் கணக்கைத் தருகின்றோம்.

ரிக் என்பது என்ன?

ஊரில் பலரும் பழகியது குச்சி வெல்டிங். அதில் குச்சியே உருகி ஒட்டும். ரிக் முறையில் ரங்ஸ்ரன் ஊசி உருகாது. அது நெருப்பை மட்டும் தரும். ஒட்டும் கம்பியை மற்றக் கையால் ஊட்டவேண்டும். ஆர்கன் வாயு சுற்றி நின்று காற்றுப் படாமல் காக்கும். 1940களின் முற்பகுதியில் அமெரிக்காவின் நோர்த்ரொப் விமானக் கம்பனியில் மக்னீசியத்தை ஒட்டுவதற்காக ரஸல் மெரடித் உருவாக்கிய முறை இது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒட்டு சுத்தமாகவும் அழகாகவும் இருக்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலுக்கும் அலுமினியத்துக்கும் மெல்லிய தகட்டுக்கும் இதைத் தேடி வருவார்கள்.

எந்த மெசின்?

முதலில் எதை ஒட்டப் போகின்றீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இரும்பும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலும் மட்டுமென்றால் டி.சி. மெசின் போதும், விலையும் குறைவு. அலுமினியம் செய்யவேண்டுமானால் ஏ.சி.யும் டி.சி.யும் சேர்ந்தது வேண்டும். 3 மில்லிமீற்றர் இரும்புக்கு ஏறத்தாழ 125 அம்பியர் தேவைப்படும். ஆகவே 200 அம்பியர் மெசின் வீட்டு வேலைக்குத் தாராளம். அதற்கு மேலே போவது காசை முடக்குவதாகும்.

மாதிரிக் கணக்கு

கீழே உள்ளவை கனேடிய டொலரில் அண்ணளவான தொகைகள். கடைக்குக் கடை விலை மாறும். நீங்கள் மூன்று இடத்தில் விசாரித்து உங்கள் எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.சி./டி.சி. மெசின், கால்மிதியுடன் - 1,500
ஆர்கன் சிலிண்டரும் முதல் நிரப்பலும் - 450
தானாக இருளும் முகக்கவசம் - 150
கையுறை, தோல் மேலங்கி - 100
கிரைண்டரும் தட்டுகளும் - 120
ரங்ஸ்ரன் ஊசி, கோப்பை, பிடிகள் - 80
ஒட்டும் கம்பி - 100
மேசை, இடுக்கிகள் - 200
தீயணைப்பான், சிலிண்டர் சங்கிலி - 100
மின்சார வேலை - 1,000

கூட்டினால் 3,800 டொலர். 13 சதவீத வரியுடன் 4,294. மெசினின் விலை இதில் ஐந்தில் இரண்டு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். மெசின் விலையை மட்டும் பார்த்து இறங்குபவர்கள் பாதி வழியில் நிற்பது இதனாலேதான்.

மின்சார வேலையில் சிக்கனம் பார்க்கவேண்டாம். 240 வோல்ற் தனி இணைப்பு வேண்டும். ஒன்ராறியோவில் கூலிக்கு மின்சார வேலை செய்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்தகாரராக இருக்கவேண்டும். வேலை மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கப்படவேண்டும். தெரிந்த ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்று விட்டால், நாளை தீ விபத்து என்றால் காப்புறுதிக் கம்பனியிடம் என்ன பதில் சொல்வது?

மறைந்து நிற்கும் செலவு

அது வாயு. மணிக்கு 15 கன அடி வீதம் விட்டால் 80 கன அடிச் சிலிண்டர் 5 மணி 20 நிமிடத்தில் தீரும். நிரப்ப 100 டொலர் என்றால், நெருப்பு எரியும் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 19 டொலர். வேலைக்கு விலை சொல்லும்போது இதைச் சேர்க்க மறக்கக்கூடாது. வேலை முடிந்ததும் சிலிண்டர் வாயைப் பூட்டுங்கள்; சிறு கசிவும் இரவோடிரவாகக் காசைக் கரைத்துவிடும். பழைய சிலிண்டரை வாங்குமுன், அதை நிரப்பித் தருவார்களா என்று வாயுக் கடையில் கேளுங்கள். சில கடைகள் தங்களுடைய சிலிண்டரை மட்டுமே ஏற்கும். காபனீரொட்சைட்டுக் கலந்த வாயு ரிக்குக்கு உதவாது; ஊசியைத் தின்றுவிடும்.

பிள்ளைகள் உள்ள வீடு

நிலக்கீழ் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஆர்கன் காற்றைவிடப் பாரமானது, மணமில்லை. தாழ்வான இடத்தில் தேங்கிச் சுவாசத்தை அடைக்கும். வெல்டிங் புகையையும் அதன் ஊதாக்கதிர் ஒளியையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வகைப்படுத்தியது. புகை வெளியேற வழி செய்யுங்கள். ஒளியைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காதபடி திரை போடுங்கள். குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவத்தால் துடைத்த இரும்பை ஒட்டவேண்டாம். உயிர்கொல்லி வாயு உண்டாகும். சிவப்பு நிற முனை கொண்ட ஊசியில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. நீல நிற முனை கொண்ட 2 சதவீத லந்தனம் ஊசி இரண்டு வகை மின்னோட்டத்துக்கும் பொருந்தும்.

வருமானம் வருமா?

ஒரு சிறு வேலையில் எல்லாச் செலவும் போக 100 டொலர் மிஞ்சுவதாக வைப்போம். போட்ட காசைத் திருப்பி எடுக்க 43 வேலை வேண்டும். வாரம் ஒன்று கிடைத்தாலும் பத்து மாதம். கடனட்டையில் வாங்கினால், 20 சதவீத வட்டிக்கு மாதம் 70 டொலருக்கு மேல் வட்டிக்கே போய்விடும். ஆகவே கையிருப்பில் வாங்குங்கள், இல்லாவிடின் பொறுத்திருங்கள்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வீட்டில் தொழில் செய்ய அனுமதி உண்டா என்று நகரசபையிடமும், வெல்டிங் செய்வதைக் காப்புறுதிக் கம்பனியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கட்டடத்தைத் தாங்கும் இரும்பு வேலைகளுக்கு சி.எஸ்.ஏ. டபிள்யூ 47.1 சான்றிதழ் பெற்ற நிறுவனம் தேவை. கராஜில் இருந்து அதற்குக் கைநீட்டவேண்டாம்.

எமது யோசனை இதுதான்: முதலில் ஒரு சமூகக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேருங்கள். அவர்களுடைய மெசினில், அவர்களுடைய வாயுவில் கை பழகட்டும். சான்றிதழ் கிடைத்தால் நல்ல வேலைக்கும் அது வாசலாகும். வகுப்பு முடியும்வரை மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பிறகு கணவனும் மனைவியும் மேசையில் இருந்து இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் சரி வந்தால், துணிந்து வாங்கலாம்.