ட்ரோன் படப்பிடிப்பில் ஒளியளவும் வில்லைப் பாதுகாப்பும்

கண்டியை அடுத்த அம்பிட்டிய போன்ற மலைச்சரிவுகளில் வெயிலும் மரநிழலும் அருகருகே அமைந்துள்ளன. ட்ரோனின் கமரா தானாகவே ஒளியளவை மாற்றுமாயின், நிழல் மிகுந்த இடத்தில் அது ஒளியைக் கூட்டும்; வெயிலில் நிற்கும் பச்சை இலை வெளிறித் தோன்றும். அதனைச் சத்துக் குறைவெனக் கருதிப் பசளையிடுவது வீண் செலவாகும்.

ஆகவே, வெயில்படும் பயிரைக் கொண்டு ஒளியளவை அமைத்து, பறப்பு முடியும்வரை மாற்றாதிருத்தல் வேண்டும். வெயில் கடுமையாயின், ஒளியை எட்டிலொரு பங்காகக் குறைக்கும் வடிகட்டியை வில்லையின்மேல் பொருத்தலாம்.

மூடுபனி விலகிய பின்னரே ட்ரோனைப் பறக்கவிடுதல் நன்று. ஈரம் படிந்த வில்லை படத்தை மங்கச் செய்யும். வில்லையிலுள்ள தூசியை முதலில் ஊதி அகற்றி, பின்னர் மென்துணியால் துடைத்தல் வேண்டும். தூசியோடு துடைத்தால் கீறல் விழும்.

படத்தில் ஐயம் தோன்றினால், இலையை நேரிற் கண்ட பின்னரே பசளையிடுக.