நெகட்டிவுக்கும் ஸ்லைடுக்கும் ஏற்ற ஸ்கேனர்: தேர்வும் பழுதறிதலும்

டிஜிட்டல் கேமரா பரவுவதற்கு முன் எடுக்கப்பட்ட பெரும்பாலான குடும்பப் படங்களுக்கு மூலம், ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் அச்சுப்படம் அன்று. ஸ்டுடியோவில் நீண்ட காகித உறையில் போட்டுக் கொடுத்த நெகட்டிவே ஆகும். ஒளியிலும் நிழலிலும் உள்ள விவரங்களை அச்சுக் காகிதம் தாங்கும் அளவுக்குக் குறுக்கியும், படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டியுமே கலர் லேப்கள் அச்சுகளைத் தந்தன. வெளிச்சத்தில் வெளிறிப்போன பட்டுவேட்டியின் மடிப்பு அச்சில் காணாமற்போயிருந்தாலும் நெகட்டிவில் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அந்த நெகட்டிவை ஒளி ஊடுருவச் செய்து கணினிக் கோப்பாக மாற்றுவது பிலிம் ஸ்கேனர். இதை வாங்குவோர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்தே முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் பிலிம் சரியான குவியத்தில் நிற்கிறதா, கருவியின் ஒளி கறுப்பின் ஆழம் வரை செல்கிறதா, தூசியை அது எப்படிக் கையாள்கிறது என்பவையே படத்தின் தரத்தை நிர்ணயிக்கின்றன.

கருவியைத் தேடுவதற்கு முன் வீட்டுப் பெட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பரவலாகப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமில் இரு ஓரங்களிலும் துளைகள் இருக்கும். ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. பழைய ஸ்டுடியோக்களும் பெட்டிக் கேமராக்களும் பயன்படுத்திய 120 வகைப் பிலிமில் ஓரத்துளைகள் இல்லை. படம் 6 செ.மீ. சதுரமாகவோ 6க்கு 9 செ.மீ. அளவிலோ பெரிதாக அமைந்திருக்கும். 35 மி.மீ. பிலிமுக்காக மட்டும் செய்யப்பட்ட ஸ்கேனரில் இதை நுழைக்கவே முடியாது என்பதால், தாத்தா காலத்துப் படங்கள் கலந்துள்ள சேகரத்துக்கு அவ்வகைக் கருவி மட்டும் போதாது. ஸ்லைடு என்பது 5 செ.மீ. சதுரச் சட்டத்தில் பொருத்தி புரொஜெக்டரில் காட்டப்பட்ட நேர்ப்படம். நெகட்டிவிலோ ஒளி கறுப்பாகவும் நிழல் தெளிவாகவும் பதிந்திருக்கும். வண்ண நெகட்டிவின் மேல் ஆரஞ்சு நிறச் சாயல் ஒன்றும் பரவியிருக்கும். அச்சாயலைப் பழுது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது, பிலிமிலுள்ள சாயங்கள் நிறங்களைத் தூய்மையாகப் பிரிக்காத குறையை அச்சிடும்போது ஈடுசெய்வதற்காகத் தயாரிப்பாளர்களே வைத்த ஏற்பாடு. உதகமண்டலத்தில் இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்தது போன்ற கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் படம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது; இது தூசி நீக்கத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஸ்லைடையும் நெகட்டிவையும் பிரிக்கும் மற்றொரு பண்பு அடர்த்தி. பிலிமின் ஓரிடம் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பதை மடக்கை அளவில் சொல்வதே அடர்த்தியாகும். அது 1 என்றால் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கும், 2 என்றால் நூற்றில் ஒரு பங்கும், 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கும் மறுபுறம் வந்து சேரும். ஸ்லைடின் கரிய நிழல்கள் 3ஐத் தாண்டக்கூடியவை. வண்ண நெகட்டிவ் பொதுவாக அவ்வளவு கறுப்பதில்லை. ஆகவே நெகட்டிவை ஒழுங்காகப் படிக்கும் எளிய ஸ்கேனர்கூட ஸ்லைடின் நிழலில் திணறி, கோயில் மண்டபத்தின் உட்புறத்தைப் புள்ளிகள் நிறைந்த கறுப்புத் திட்டாக ஆக்கிவிடும். ஒரே படத்தைக் குறைந்த ஒளியேற்றத்தில் ஒருமுறையும் மிகுந்த ஒளியேற்றத்தில் மறுமுறையும் படித்து இணைக்கும் வசதி சில கருவிகளிலும் மென்பொருள்களிலும் உண்டு. ஸ்லைடுகள் மிகுதியாக உள்ளோர் அதைக் கேட்டு வாங்குதல் நன்று. விளம்பரத்தாளில் காணும் அடர்த்தி எண்கள் பல, மின்சுற்றின் பிட் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடப்பட்டவையே அன்றி அளந்து பெற்றவை அல்ல என்பதால் அவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் உள்ள பெரிய எண் டிபிஐ எனப்படுவது. ஓர் அங்குல நீளத்தைக் கருவி எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கிறது என்பதை அது குறிக்கிறது. 35 மி.மீ. பிலிமின் ஒரு படத்தை 2400 டிபிஐயில் படித்தால் ஏறத்தாழ 77 இலட்சம் பிக்சல்களும், 4000 டிபிஐயில் படித்தால் 2 கோடிக்குச் சற்று மேலும் கிடைக்கும். முதலாவது, ஆல்பத்தில் வைக்கும் அச்சுக்குத் தாராளமாகப் போதும். இரண்டாவது, சாதாரணப் பிலிமில் பதிந்துள்ள விவரத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடும். ஆனால் சென்சார் இத்தனை புள்ளிகளாகப் பிரிக்கும் என்பதும், அத்தனை புள்ளிகளிலும் உண்மையான விவரம் இருக்கும் என்பதும் ஒன்றல்ல. இடையே உள்ள லென்சும், பிலிம் நிற்கும் உயரமும், மோட்டாரின் நகர்வும் விவரத்தைக் குறைத்துவிடுகின்றன. நுண்கோடுகள் கொண்ட சோதனைத் தகட்டை வைத்து அளந்தால், 6400 என்று சொல்லப்படும் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 சுமார் 1500 அளவுக்கே விவரம் தருகிறது. 7200 என்று சொல்லப்படும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் வரிசைக் கருவிகள் ஏறத்தாழ அதில் பாதியைத் தருகின்றன. 4000 என்று மட்டுமே சொல்லிக்கொண்ட நிக்கான் கூல்ஸ்கேன் 5000 ஏறத்தாழ முழுவதையும் தந்தது. சிறிய எண் பெரிய எண்ணை வென்ற இவ்வுண்மையை அறியாமல் பலர் ஏமாறுகின்றனர். 7200 டிபிஐயில் 16 பிட் ஆழத்தில் எடுத்த ஒரே படம் 400 மெகாபைட்டுக்கும் மேல் இடம் பிடிக்கும். அதைப் பாதி அளவுக்குச் சுருக்கிச் சேமித்தால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு எதுவும் இராது.

நேரத்தை மிச்சப்படுத்தும் வசதிகளுள் முதன்மையானது அகச்சிவப்புத் தூசி நீக்கம். வண்ணப் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கின்றன. ஆகவே கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் படத்தையும், அகச்சிவப்பில் தூசியை மட்டும் தனியாகவும் படித்து, தூசி உள்ள இடங்களை அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்பிவிட முடிகிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இயங்கிய அப்ளைடு சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற நிறுவனம் உருவாக்கிய ‘டிஜிட்டல் ஐஸ்’ இம்முறையைப் பரப்பியது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பம் 2003இல் கோடாக்கின் கைக்குச் சென்றது. கறுப்பு வெள்ளைப் பிலிமின் வெள்ளித் துகள்களோ அகச்சிவப்பையும் தடுப்பவை. இவ்வசதியை அணைக்காமல் ஸ்கேன் செய்தால் மென்பொருள் படத்தையே தூசியென்று எண்ணி முகங்களைச் சிதைத்துவிடும். 1935 முதல் 2009 வரை கோடாக் தயாரித்த கோடாக்ரோம் ஸ்லைடுகளிலும் இது பல கருவிகளில் சரிவர வேலை செய்வதில்லை.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்க்கும்போது, பல அளவுகளில் பிலிம் உள்ள குடும்பத்துக்கு மூடியிலும் விளக்குள்ள பிளாட்பெட் ஸ்கேனர் ஏற்றது. எப்சனின் வி600, வி850 ஆகியவை இவ்வகையின. 120 பிலிமின் படம் பெரிது என்பதால் அங்கே குறைந்த டிபிஐயும் போதும். 35 மி.மீ. மட்டும் உள்ளோர்க்கு அதற்கென்றே அமைந்த ஸ்கேனர்தான் சரி. அதிலும் அகச்சிவப்பு வசதி உள்ளதையே வாங்க வேண்டும். கூல்ஸ்கேன், மினோல்டா டைமேஜ் முதலிய பழைய கருவிகள் இன்று கைமாறியே கிடைக்கும். தரத்தில் உயர்ந்தவை எனினும் பழுது பார்ப்போர் கிடைப்பது அரிது. நல்ல கேமரா வைத்திருப்போர் மேக்ரோ லென்சும், நிறங்களைச் சரியாகக் காட்டும் எல்இடி பலகையும் கொண்டு நெகட்டிவைப் படமெடுப்பது மிக விரைவான வழி: 24 மெகாபிக்சல் முழுச்சட்ட கேமராவில் பிலிமை அதே அளவில் பிடித்தால் 4200 டிபிஐக்கு நிகரான புள்ளிகள் கிடைக்கும், ஆனால் தூசியைக் கையால்தான் நீக்க வேண்டும், கேமராவும் பிலிமும் இம்மியும் சாயாமல் இணையாக நிற்க வேண்டும். சிறு திரையுடன் பொத்தானை அழுத்தியவுடன் படம் தரும் மலிவான பெட்டிகளைப் பொறுத்தவரை, அவற்றுக்குள் இருப்பது நிலைக்குவியச் சிறு கேமராவே. பார்த்து மகிழ உதவும், பாதுகாத்து வைக்கத் தகாது.

ஸ்கேன் செய்த படத்தில் குறை தெரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அக்குறை பிலிமோடு நகர்கிறதா, கருவியோடு நிற்கிறதா? பிலிமைத் தலைகீழாக வைத்து மீண்டும் எடுத்தால் விடை தெரிந்துவிடும். படம் முழுவதும் ஒரே நேர்க்கோடு ஓடி, பிலிமைத் திருப்பிய பின்னும் அது அதே இடத்தில் நின்றால், கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் பகுதியில் தூசி விழுந்திருக்கிறது. பிளாட்பெட் கருவிகளின் பிலிம் சட்டத்தில் ஒரு முனையில் காலியாக விடப்பட்ட சன்னல் இதற்காகவே உள்ளது. அதைப் பிலிமோ விரல்ரேகையோ மறைத்தால் கோடுகளும் நிறக்கேடும் தோன்றும். பிலிம் ஸ்கேனர்கள் பல, பிலிம் இல்லாத நிலையில்தான் தம்மைச் சரிபார்த்துக்கொள்கின்றன. விளக்கு நிலைபெறும் முன் சட்டத்தைச் செருகுவதே புது உரிமையாளர்கள் பலருடைய சிக்கல்களுக்குக் காரணம்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் லென்ஸ் அன்று, பிலிமின் வளைவு. நம் நாட்டு வெப்பத்தில் சுருளாக வைக்கப்பட்ட நெகட்டிவின் நடுப்பகுதி மேலெழுந்து நிற்பதால், ஓரங்கள் தெளிவாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் வரும். உறையிலிட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாட்கள் வைத்தால் பிலிம் படியும். எப்சன் வி700 முதலான பெரிய கருவிகளில் சட்டத்தின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரே படத்தை ஒவ்வோர் உயரத்திலும் எடுத்து, பிலிமின் மணித்துகள்கள் எதில் கூர்மையாகத் தெரிகின்றன என்று பார்த்து அந்நிலையில் நிறுத்திவிட வேண்டும். பிலிமைக் கண்ணாடிமேல் நேரடியாக வைத்தால் வானவில் நிற வளையங்கள் தோன்றும். இவை நியூட்டன் வளையங்கள். பிலிமின் பளபளப்பான பக்கத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலமே காரணம். பளபளப்பற்ற மருந்துப் பக்கத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவைத்து, கணினியில் படத்தை இடவலமாக மாற்றிக்கொள்வது எளிய தீர்வு.

பிரகாசமான பகுதியைச் சுற்றி ஒளி கசிந்து பனிபடர்ந்தது போல் படம் வந்தால், உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். பழைய கூல்ஸ்கேன்களில் இது மிகச் சாதாரணமான குறை. கருவியைத் திறந்து கண்ணாடியை மிக மென்மையாகத் துடைத்தால் நீங்கும், எனினும் அதன் பூச்சு எளிதில் கீறக்கூடியது என்பதால் பழக்கமில்லாதோர் கைவைக்கலாகாது. வண்ண நெகட்டிவில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறச்சாய்வோடு வந்தால் கருவியைக் குறைகூற வேண்டியதில்லை; தேர்வுப் பகுதிக்குள் சட்டத்தின் விளிம்போ வெற்று ஒளியோ புகுந்து மென்பொருளின் கணக்கைக் குலைத்திருக்கும். படங்களுக்கு இடையே உள்ள பதியாத பிலிமிலிருந்து ஆரஞ்சுச் சாயலை ஒருமுறை அளந்து, அதையே அந்தச் சுருள் முழுவதுக்கும் நிலைநிறுத்தினால் நிறம் சீராகும். புதிய கணினி பழைய ஸ்கேனரை அடையாளம் காணாதபோது, எட் ஹாம்ரிக் 1998இல் தொடங்கிய வியூஸ்கேன், ஜெர்மனியின் லேசர்சாஃப்ட் நிறுவனத்தின் சில்வர்ஃபாஸ்ட் ஆகிய மென்பொருள்கள் பல கருவிகளை மீண்டும் இயங்கச் செய்கின்றன. ஆனால் ஸ்கசி, ஃபயர்வயர் இணைப்பு மட்டும் உள்ள கருவியை வாங்குமுன், அதை ஏற்கும் துளை கணினியில் உண்டா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாதது பூஞ்சை. பிலிமின் பூச்சு ஜெலட்டினால் ஆனது; ஈரமான பருவத்தில் பூஞ்சை அதைத் தின்று கிளைகிளையாகப் பரவும். பூஞ்சை தொட்ட ஜெலட்டின் நீரில் கரையக்கூடியது என்பதால் தண்ணீர் விட்டுக் கழுவினால் படமே வழிந்துவிடும். நீர் கலவாத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைப்பதே பாதுகாப்பானது. வெறும் தூசிக்கு ரப்பர் ஊதி போதும். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் நிரந்தரக் கறையாகும். பெட்டியைத் திறந்தவுடன் காடி நெடி அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது பக்கத்துப் பிலிம்களின் சிதைவையும் விரைவுபடுத்தும் என்பதால் அவற்றைப் பிரித்துவைத்து, மற்ற எதற்கும் முன் அவற்றையே ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஸ்கேன் செய்த கோப்பை டிஃப் வடிவில் இரு வேறு வட்டுகளில் சேமித்து, படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல வீட்டில் பெரியவர்கள் உள்ளபோதே பெயர்களைக் கோப்பிலேயே எழுதிவைத்தல் வேண்டும். அதன் பிறகும் நெகட்டிவை எறிந்துவிடலாகாது: பிவிசி உறைகளை நீக்கி, பாலிபுரோப்பிலீன் உறைகளில் இட்டு, குளியலறைச் சுவரை ஒட்டாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள், நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்போது அதற்குக் கொடுக்க மூலமாக இருப்பது அந்த நெகட்டிவ் ஒன்றே.