கிடங்கு வாசலில் தீர்ந்துபோகும் நேரம்: லாரி ஓட்டுநரின் உரிமையும் பரிகாரமும்

தூக்கம் கெட்ட கண்களோடு கனரக வாகனம் ஓட்டுகிறவர் தம்முடைய பிராணனை மட்டுமன்றி, அதே சாலையில் நம்பிக்கையோடு பிரயாணம் செய்கிற முன்பின் அறியாத குடும்பங்களின் பிராணனையும் பணயம் வைக்கிறார் என்பதை உணர்ந்துதான், அமெரிக்க ஐக்கிய நாடு 1930-களின் பிற்பகுதியிலேயே லாரி ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. உயிர் காக்கும் நோக்கத்தோடு பிறந்த அந்த வரம்பு, ஓட்டுநரின் குற்றம் எதுவும் இல்லாமலே, சரக்கு ஏற்றும் கிடங்கின் வாசலில் வீணாகக் கரைந்துபோவதையும், அதற்குரிய கஷ்ட நஷ்டங்கள் அனைத்தும் ஓட்டுநர் ஒருவர் தலையிலேயே விழுவதையும், அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பரிகாரங்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதி என்ன சொல்கிறது?

தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின் பணி தொடங்கும் சரக்கு லாரி ஓட்டுநர் 11 மணி நேரம் வரை வண்டி ஓட்டலாம்; ஆனால் அந்த ஓட்டம் முழுவதும் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். 2004-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்த விதியில், நடுவே எடுத்துக்கொண்ட ஓய்வு நேரம் பணிக் கணக்கில் சேராமல் விலகி நின்றது. அவ்வாண்டு அமலுக்கு வந்த புதிய விதியிலோ, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், உண்டாலும் காத்திருந்தாலும், அந்த 14 மணி நேரம் இடைவிடாமல் கழிந்துகொண்டே இருக்கிறது. 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் எஞ்சினோடு இணைந்த மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாகிவிட்டபடியால், காகிதக் குறிப்பேட்டில் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எழுதும் பழைய வழக்கத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

காலை 5 மணிக்குப் பணி தொடங்கிய ஓட்டுநர் ஒருவர், 4 மணி நேரம் ஓட்டி 9 மணிக்குக் கிடங்கை அடைகிறார் என்று கொள்வோம். குறித்த நேரத்துக்கு அவர் வந்து நின்றும், ஆள் இல்லை, இடம் இல்லை, சரக்கு ஆயத்தமாகவில்லை என்ற காரணங்களால் மாலை 4 மணிக்குத்தான் பாரம் ஏற்றி விடுகிறார்கள். ஓட்டுவதற்கு அவருக்குக் கணக்குப்படி இன்னும் 7 மணி நேரம் பாக்கி இருந்தபோதிலும், 14 மணி நேர எல்லை மாலை 7 மணியோடு முடிந்துவிடுவதால், 3 மணி நேரமே அவர் சாலையில் இருக்க முடியும். அதே கிடங்கு அவரை மாலை 7 மணிக்கு மேலும் நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பிறகு வெளியேறச் சொல்லுமானால், பொதுச் சாலையில் கால் மைல் ஓட்டுவதற்கும் சாதாரணமாக அவருக்குச் சட்ட அனுமதி இல்லை. எதிர்பாராத பனி, மூடுபனி, சாலைத் தடை முதலியவற்றுக்காக விதி அளிக்கும் 2 மணி நேரச் சலுகையும், பாரம் ஏற்றுவதில் நேர்ந்த தாமதத்துக்குப் பொருந்தாது.

நஷ்டமும் அபாயமும்

கிடங்கில் முதல் 2 மணி நேரம் இலவசம் என்பதும், அதற்கு மேல் காத்திருப்புக் கட்டணம் என்பதும் அத்தொழிலின் வழக்கமேயன்றி மத்திய சட்டத்தின் கட்டளை அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நெடுந்தூர ஓட்டுநர் பலருக்கு ஓடிய மைல் கணக்கில்தான் கூலி. மாநிலம் கடந்து ஓட்டுபவர்களை, 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் தர நியாயச் சட்டம் மிகைநேர ஊதிய உரிமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே, காக்க வைத்தவருக்குச் செலவு இல்லை, காத்துக் கிடந்தவருக்கு வரவும் இல்லை என்னும் விபரீத நிலையே தாமதத்தை வேரூன்றச் செய்திருக்கிறது.

2011-ஆம் ஆண்டு அறிக்கைக்காக அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் விசாரித்த 302 ஓட்டுநர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்துக்குள் இத்தகைய தாமதத்துக்கு ஆளானதாகக் கூறினர். 2018-இல் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, காத்திருக்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால் விபத்து விகிதம் 6.2 விழுக்காடு உயரக்கூடும் என்றும், ஓட்டுநர்களின் வருமான இழப்பு ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. இழந்த நேரத்தை வேகத்தால் மீட்க முயல்வதும், களைப்பை மறைத்து ஓட்டுவதும் விபத்துக்கு வழி வகுப்பதில் ஆச்சரியமில்லை.

நிறுத்த இடமின்மை இன்னொரு கொடுமை. 2009 மார்ச்சில் தென் கரோலினா மாநிலத்தில், சரக்கு இறக்கும் இடத்துக்கு முன்னதாகவே வந்துவிட்ட ஓர் இளம் ஓட்டுநர், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தபோது, 7 டாலருக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் வழங்கும் ஜேசன் சட்டம் 2012-இல் நிறைவேறி, லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் அமைப்பதற்கு மத்திய நிதியைப் பயன்படுத்த வழி திறந்தது.

உரிமைகளும் பரிகாரங்களும்

ஓட்டுநர் முதலாவதாக அறிந்திருக்க வேண்டியது, 2016 ஜனவரி முதல் அமலில் உள்ள நிர்ப்பந்தத் தடை விதியாகும். வேலையையோ வியாபாரத்தையோ பறித்துவிடுவதாக மிரட்டி விதியை மீறி ஓட்டச் செய்வது, லாரி நிறுவனம் செய்தாலும், சரக்கு அனுப்புபவர், பெறுபவர், இடைத்தரகர் செய்தாலும் குற்றமே. ஆனால் இவ்விதியின் பாதுகாப்பைப் பெற, “எனக்கு ஓட்டும் நேரம் முடிந்துவிட்டது, இப்போது ஓட்டினால் வேலை நேர விதியை மீறியவன் ஆவேன்” என்று ஓட்டுநர் தம் ஆட்சேபத்தைத் தெளிவாகத் தெரிவித்திருக்க வேண்டும், மௌனமாக ஓட்டிவிட்டுப் பின்னர் முறையிடுவதால் பயன் குறைவு. சம்பவம் நடந்த 90 நாட்களுக்குள், மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, சட்டவிரோதமாக ஓட்ட மறுத்த காரணத்துக்காக வேலை நீக்கமோ ஊதிய வெட்டோ நேர்ந்தால், 1982-ஆம் ஆண்டின் தரைப் போக்குவரத்து உதவிச் சட்டத்தின்கீழ் 180 நாட்களுக்குள் ‘ஓஷா’ எனப்படும் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிடலாம். மீண்டும் வேலையும், இழந்த ஊதியமும் பெற அதில் வழி உண்டு. இச்சட்டம், வண்டியைத் தாமே ஓட்டும் சுயேச்சை ஒப்பந்த ஓட்டுநரையும் காக்கிறது.

மூன்றாவதாக, ஏற்றியோ இறக்கியோ முடிந்தபின் கிடங்கு வளாகத்தில் தங்க அனுமதி கிடைக்காவிட்டால், ஓய்வெடுப்பதற்காக அருகிலுள்ள பாதுகாப்பான முதல் இடம் வரை, பாரத்தோடு கூட, வண்டியைப் பணி நேரத்தில் சேராத சொந்த உபயோகக் கணக்கில் ஓட்டலாம் என்று 2018-இல் மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகம் விளக்கம் அளித்திருக்கிறது. அடுத்த ஊரை நோக்கிச் சரக்கை நகர்த்துவதற்கு இச்சலுகையைப் பயன்படுத்தலாகாது. சில நிறுவனங்கள் இதனை அறவே தடுத்திருப்பதும் உண்டு. ஆகையால் தம் நிறுவனத்தின் கொள்கையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

நான்காவதாக, 2020 செப்டம்பர் முதல், 10 மணி நேர ஓய்வை இரண்டாகப் பிரித்துக்கொள்ள இடமுண்டு. வண்டியின் படுக்கையறையில் குறைந்தது 7 மணி நேரமும், வேறொரு வேளையில் குறைந்தது 2 மணி நேரமும், இரண்டும் சேர்ந்து 10 மணி நேரமும் ஓய்வாக அமையுமானால், அவ்விரு பகுதிகளும் 14 மணி நேரக் கணக்கில் சேரா. பொறுப்பிலிருந்து முற்றிலும் விடுபட்ட காத்திருப்பு நேரத்தை இவ்வாறு உண்மையான ஓய்வாக்கிக்கொள்ளலாம்.

இவை அனைத்துக்கும் உயிர்நாடி, சாட்சியம். வாசலுக்கு வந்த நேரம், வண்டியைக் கிடங்கில் ஒப்படைத்த நேரம், வெளியேறிய நேரம் ஆகியவற்றைச் சரக்குச் சீட்டில் கையொப்பத்தோடு குறித்து வாங்குவதும், 14 மணி நேரம் தீர்வதற்கு வெகு முன்பே நிறுவனத்துக்கும் கிடங்குக்கும் எழுத்தில் எச்சரிக்கை அனுப்புவதும், வந்த பதில்களை அழிக்காமல் வைத்திருப்பதும் ஓட்டுநர் விடாது கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்.

கிடங்கு நடத்துவோர் குறித்த நேரத்தை மதித்து, தங்களால் தாமதமான ஓட்டுநருக்கு ஓர் இரவு தங்க இடமும் கழிப்பறை வசதியும் தருவார்களானால், இத்துன்பத்தின் பெரும்பகுதி சட்டத்தின் துணையில்லாமலே நீங்கிவிடும். அதுவரை, ‘நேரம் முடிந்துவிட்டது, இனி ஓட்டமாட்டேன்’ என்று சொல்லும் ஓட்டுநரைப் பிடிவாதக்காரர் என்று எவரும் பழிக்க வேண்டாம். சாலையில் செல்லும் அத்தனை பேரின் உயிருக்காகவும் பேசுகிறவர் அவர். அந்தச் சொல்லைத் துணிந்து சொல்ல அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதை ஏற்று மதிப்பது சரக்கு அனுப்புவோர், பெறுவோர், லாரி முதலாளிகள் ஆகிய அனைவரின் கடமை.