புக்கிட் மேராவின் தோரியம்

மாதம் 300 யூனிட் மின்சாரம் செலவாகும் ஈப்போவின் புந்தோங்கில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது முழுக்க நிலக்கரியில் உற்பத்தியானதென்றால், காற்றில் கலக்கும் கரியமில வாயு சுமார் 246 கிலோ. அணுமின்சாரமென்றால் மூன்றரை கிலோ சொச்சம். ஐநாவின் பருவநிலைக் குழு 2014இல் தந்த யூனிட் கணக்கை (நிலக்கரி 820 கிராம், அணுசக்தி 12 கிராம்) வைத்துப் பெருக்கினால் கிடைப்பது இது. யுரேனியம் தோண்டுவது முதல் பழைய உலையை இடித்து அகற்றுவது வரை எல்லாமே அந்த 12 கிராமுக்குள் அடக்கம். அணுப்பிளவில் எதுவும் எரிவதில்லை. ஆகவே புகையும் இல்லை.

மஞ்சோங்கில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில் நிற்கும் நிலக்கரி நிலையத்தின் திறன் 4,100 மெகாவாட். சூரியத் தகடு மலிவுதான், ஆனால் ஈப்போவின் சாயங்கால மழைக்கும் இரவுக்கும் அதனிடம் பதில் இல்லை. நிலக்கரியைப் போல இரவு பகலாக ஓடக்கூடிய, புகையில்லாத நிலையம் வேண்டுமென்று தேடினால் அணு உலை கண்ணில் படத்தான் செய்யும். 2025 ஜூலையில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டம் அதை மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்தப் பேச்சு பேராக்குக்குப் புதிதல்ல. புந்தோங்கிலிருந்து மெங்லெம்பு தாண்டி லகாட் சாலையில் போனால் சில கிலோமீட்டரில் புக்கிட் மேரா. வெள்ளீயம் அலசியபின் மிஞ்சும் கனத்த மணலை இங்கே அமாங் என்பார்கள். அதிலுள்ள மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்க, ஜப்பானின் மிட்சுபிஷி பங்குதாரராக இருந்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் ஓடத் தொடங்கியது. மிஞ்சிய கழிவில் கதிர்வீசும் தோரியம். நியூட்ரானை விழுங்கினால் அது யுரேனியம்-233 ஆகும், அதை எரிபொருளாக்கலாம். கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு ஆய்வு உலை 1996இலிருந்து அதில்தான் இயங்குகிறது. இங்கேயும் அந்தக் கழிவை வருங்கால எரிபொருள் என்று சொல்லித்தான் சேர்த்து வைத்தார்கள்.

வைத்த விதம்தான் வினையானது. ஆலை ஓடத் தொடங்கியது 1982. அணுசக்தி உரிமச் சட்டம் வந்தது 1984. உரிம வாரியம் அமைந்தது 1985. குதிரைக்கு முன்னே வண்டியைப் பூட்டிய கதை. கழிவைப் புதைக்கப் பாப்பான் என்ற ஊரில் குழி வெட்டியபோது, 1984இல் மக்கள் திரண்டு மறித்தார்கள். மறு ஆண்டு புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆனாலும் 1994இல் நிறுவனமே மூடுவதாக அறிவித்துவிட்டது. கழிவு கடைசியில் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது.

புக்கிட் மேராவில் அணு உலை இருந்ததில்லை. அதைக் காட்டி அணுமின்சாரமே கூடாதென்பது நியாயமாகாது. மின்சாரத்துக்காக நான் அணுசக்தியை ஏற்பவன். என் சந்தேகம் உலைமேல் அல்ல, கழிவுக்கு இடம் பார்க்கும் முறைமேல்தான். பின்லாந்தில் பயன்படுத்தி முடித்த எரிபொருளைப் பாறைக்கடியில் 400 மீட்டருக்கும் கீழே வைக்க இடம் தேடியபோது, வேண்டாமென்று மறுக்கும் உரிமையைச் சட்டமே உள்ளூர் மன்றத்துக்குக் கொடுத்திருந்தது. யூராயோக்கி ஊர் மன்றம் 2000இல் வாக்கெடுத்துச் சம்மதித்தது. நாடாளுமன்றம் 2001இல்தான் ஒப்புதல் தந்தது. பாப்பான் மக்களிடம் அப்படி யாரும் வாக்குக் கேட்கவில்லை.