வங்கி மறைந்தது, திராட்சைக் கொடி நிலைத்தது

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆற்றின் குறுக்கே சாந்தா திரினிதா என்னும் பாலம் உள்ளது. 1252ஆம் ஆண்டில் அவ்விடத்தில் முதன்முதலாக மரப்பாலம் அமையப் பொருளுதவி செய்தது ஃபிரெஸ்கோபால்டி குடும்பம். அக்காலத்தில் அவர்கள் வங்கியாளர்கள். இன்றோ திராட்சை மது தயாரிப்பில் புகழ்பெற்றவர்கள். ஒரு தொழில் அழிந்து மற்றொரு தொழில் எழுநூறு ஆண்டுகள் நிலைத்த இவ்வரலாறு, பொருளைப் பேண விழையும் எவருக்கும் பயன் தருவதாகும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்குடும்பத்தினர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்குப் பெருந்தொகைகளைக் கடனாக வழங்கினர். அதற்கு ஈடாக, அந்நாட்டுத் துறைமுகங்களின் சுங்க வருவாயைப் பெறும் உரிமை பின்னர் அவர்களுக்குக் கிடைத்தது. மன்னரின் போர்ச் செலவு வளர வளரக் கடனும் வளர்ந்தது. பழைய கடன் திரும்ப வேண்டுமாயின் புதிய கடன் கொடுத்தே ஆகவேண்டிய நிலை உருவாயிற்று. அவர்களுக்கு முன் அதே மன்னருக்குக் கடன் கொடுத்த லூக்கா நகரத்து ரிக்கார்டி நிறுவனம் வீழ்ந்தது கண்முன் நிகழ்ந்த எச்சரிக்கை. ஆயினும் அது பொருட்படுத்தப்படவில்லை.

இரண்டாம் எட்வர்டின் ஆட்சியில், 1311இல், பிரபுக்கள் மன்னரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் ஆணைகளைப் பிறப்பித்தனர். சுங்க வருவாய் அயல்நாட்டார் கைக்குச் செல்லலாகாது என்றும், அதைப் பெற்றுவந்த வணிகர்களைக் கணக்கு ஒப்படைக்கும்வரை கைது செய்து உடைமைகளை முடக்க வேண்டும் என்றும் அவை விதித்தன. அடுத்த ஆண்டே ஃபிரெஸ்கோபால்டி வங்கி நொடித்துப் போயிற்று. ஒரே கடனாளியை நம்பியதன் விலை அது.

எனினும் குடும்பம் வேரற்றுப் போகவில்லை. ஃபுளோரன்சுக்குத் தென்மேற்கே காஸ்டிலியோனி பண்ணையில் 1308 முதல் தம் மதுத் தொழில் தொடர்வதாக அவர்கள் கூறுகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் அல்பிட்சி குடும்பத்துடன் ஏற்பட்ட திருமண உறவின் வழியே நிப்போட்சானோ, பொமீனோ ஆகிய பண்ணைகள் வந்து சேர்ந்தன. நிப்போட்சானோ, கோட்டையைச் சூழ்ந்த பழம்பெரும் தோட்டம். பொமீனோவோ குளிர்ந்த மலைச்சரிவு. 1716இல் டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ எல்லை வகுத்துப் பாதுகாத்த நான்கு மதுப் பகுதிகளுள் ஒன்று. 1989இல் மொண்டால்சினோ வட்டாரத்துக் காஸ்டெல்ஜொகோண்டோ பண்ணையையும் குடும்பம் வாங்கியது.

இத்தொழிலில் முதலீடு மெல்லவே பலன் தரும். நட்ட கொடி ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான் பயன்படத்தக்க காய்ப்புக்கு வரும். மொண்டால்சினோவின் புரூனெல்லோ மதுவை, அறுவடைக்குப் பிந்திய ஐந்தாம் ஆண்டு பிறக்குமுன் விற்கச் சட்டம் இடந்தராது. அதில் குறைந்தது ஈராண்டுகள் அது மரப்பீப்பாயில் முதிர வேண்டும். அதுவரை கூலியும் பராமரிப்பும் கைப்பணத்திலிருந்தே நடைபெற வேண்டும். ஆனால் பண்ணைகள் வெவ்வேறு உயரங்களிலும் மண்வகைகளிலும் பரவியிருப்பதால், ஓரிடத்தில் ஆலங்கட்டி மழையோ பனியோ பயிரை அழித்தாலும் பிறிதோரிடம் கைகொடுக்கும். ஒரே மன்னரை நம்பிய முன்னோர்க்கு இல்லாத பாதுகாப்பு இது.

லிவோர்னோ கடற்கரைக்கு அப்பால் கோர்கோனா என்னும் சிறு தீவு உள்ளது. 1869 முதல் அங்குச் சிறைக் குடியிருப்பு இயங்கி வருகிறது. 2012 முதல் இக்குடும்பத்தின் நிறுவனம் அங்குள்ள சிறு திராட்சைத் தோட்டத்தில் சிறைவாசிகளுக்குக் கொடி வளர்ப்பும் மது தயாரிப்பும் கற்பித்து, உழைப்புக்கு ஊதியமும் வழங்குகிறது. விடுதலை பெற்றுக் கரை திரும்புவோர் கையில் ஒரு தொழிலும் சிறிது சேமிப்பும் இருக்கும். மன்னர்க்குக் கொடுத்த கடன் வாராக்கடனாயிற்று. இந்த முதலீட்டின் வட்டி, திருந்திய வாழ்வாகத் திரும்பி வரக்கூடியது.