சிற்றுருப் புகையிரதம்: அளவும் ஒலியும்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரையை அடுத்து வாழ்வோர்க்குப் புகையிரதம் கண்ணுக்குப் புலனாகு முன்னரே செவிக்குப் புலனாவது. அலையோசையை ஊடறுத்து வரும் அவ்வொலியைக் கொண்டே, வருவது பழைய கனேடிய எஞ்சினா, பின்வந்த மொன்றியல் எஞ்சினா என்று சொல்லவல்ல சிறுவரை இப்பகுதியிற் காணலாம். ஒலியால் எஞ்சினை இனங்காணல் எங்ஙனம் இயலுகின்றது? அவ்வொலியை உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிற்றுருவினுள்ளே புகுத்தல் கூடுமா? கூடுமாயின் அச்சிற்றுரு எவ்வளவினதாய் இருத்தல் வேண்டும்? கடைசி வினாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனைய இரண்டும் அதன்மேல் நிற்பன.

விளையாட்டு வண்டி வேறு, சிற்றுரு வேறு. விளையாட்டு வண்டி புகையிரதம் போலத் தோன்றினாற் போதும். சிற்றுருவோ ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட்டது. சக்கரம், சாளரம், படிக்கட்டு, தண்டவாளங்களின் இடைவெளி ஆகிய யாவும் அவ்விகிதத்தாற் குறுக்கப்படல் வேண்டும். இவ்விகிதமே அளவுத்திட்டம் எனப்படும். ஆங்கில வழக்கில் ஓரடிக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று அதனைக் கூறுவர். ஓரடிக்கு 7 மில்லிமீற்றர் கொண்டது ‘ஓ’ அளவு, அது 43.5இல் ஒரு பங்கு. அதிற் பாதி, அதாவது 3.5 மில்லிமீற்றர், ‘எச்ஓ’ எனப்படும்; அது 87.1இல் ஒரு பங்கு. ‘என்’ அளவு ஐரோப்பாவில் 160இல் ஒரு பங்காகவும், பிரித்தானியாவில் 148இல் ஒரு பங்காகவும், யப்பானில் 150இல் ஒரு பங்காகவும் வழங்குகின்றது. பெயர் ஒன்று, விகிதம் மூன்று. இவ்வொழுங்கீனம் இத்துறைக்குப் புதிதன்று.

ஒழுங்கீனத்தின் தலையூற்று இங்கிலாந்து எனலாம். உலகிற் பெரும்பாலான புகையிரதங்கள் ஓடும் பாதை 4 அடி 8½ அங்குல அகலமுடையது. எச்ஓ அளவில் அது 16.5 மில்லிமீற்றர் ஆகும். ஆனால் பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களிலும் உடல் சிறுத்தவை. அக்காலத்து மின்மோட்டார்களோ பருத்தவை. எச்ஓ அளவிற் சமைத்த பிரித்தானிய எஞ்சினுள் மோட்டார் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் ஓரடிக்கு 4 மில்லிமீற்றராகப் பெருப்பித்துப் பாதையைப் பழைய 16.5 மில்லிமீற்றரிலேயே விட்டுவிட்டனர். இதுவே ‘இரட்டை ஓ’. 76.2இல் ஒரு பங்கான அவ்வுடலின் கீழே கிடக்கும் பாதையை உண்மையளவுக்கு மீட்டுக் கணித்தால் அது 4 அடி 1½ அங்குலமே. அகன்ற தோளுடையான் ஒருவன் சிறுவனின் காலணியை மாட்டிக்கொண்டது போன்ற தோற்றம். எனினும் பழக்கம் அதனை அழகாக்கிவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1864 டிசெம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிய முதல் வண்டி தொட்டு, இலங்கையின் முதன்மைப் பாதைகள் யாவும் இந்தியாவிற் போல 5 அடி 6 அங்குல அகலமுடையன. அஃதாவது 1,676 மில்லிமீற்றர். களனிப் பள்ளத்தாக்குப் பாதை மட்டும் 2 அடி 6 அங்குலத்தில் நெடுங்காலம் இருந்து, 1990களில் அகலமாக்கப்பட்டது. கடையில் வாங்கும் சிற்றுருத் தண்டவாளம் எமது அகல்பாதையை மனத்திற் கொண்டு செய்யப்பட்டதன்று. இரட்டை ஓ அளவில் நமது பாதை 22 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும், கிடைப்பதோ 16.5. நான்கில் ஒரு பங்கு குறைவு! எச்ஓ அளவில் 19.2 வேண்டும், கிடைப்பது அதே 16.5. இக்குறையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்போர் உணரார். வெள்ளவத்தை நிலைய மேடையின் நுனியில் நின்று நேரெதிரே வரும் வண்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கோ, அது நெருடும். அகல்பாதை எஞ்சினுக்குரிய அந்த அகட்டி ஊன்றிய நிலையே போய்விடுகின்றது.

வழி இல்லாமல் இல்லை. கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்போம். கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர், நமது பாதை ஐந்தரை அடி. 16.5ஐ 5.5ஆல் வகுக்க, மீதியின்றி 3 வருகின்றது. ஓரடிக்கு 3 மில்லிமீற்றர், அஃதாவது 101.6இல் ஒரு பங்கு என்னும் அளவில் எஞ்சினையும் பெட்டிகளையும் சமைப்போமாயின், உலகெங்கும் மலிவாய்க் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் இம்மியும் பிசகாது இலங்கை அகல்பாதையாகிவிடும். இவ்வளவுத்திட்டம் புதிதன்று, 1957இல் இங்கிலாந்தின் திரையாங் நிறுவனம் இதே விகிதத்தில் வண்டிகளை வெளியிட்டது. அவர்கள் அவற்றை 12 மில்லிமீற்றர்ப் பாதையில் ஓட்டினர். அது அவர்களின் நாட்டுப் பாதைக்குச் சற்று ஒடுங்கியதே. அவர்களுக்குப் பொருந்தாத விகிதம் நமக்கு அச்சொட்டாகப் பொருந்துகின்றது. குறை ஒன்றுண்டு: இவ்வளவில் உடற்பகுதிகளைக் கடையில் வாங்குதல் அரிது. வரைபடம் வரைந்து தகட்டில் வெட்டியோ, முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தோ தாமே செய்தல் வேண்டும். என் கருத்தில் அது குறையன்று. மாணவர் கழகத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி யாது?

இடவசதியையும் நோக்குக. 200 மீற்றர் நீளமுள்ள ஒரு நிலைய மேடை ஓ அளவில் 4.6 மீற்றர் ஆகும். இரட்டை ஓவில் 2.6, மூன்று மில்லிமீற்றர் அளவில் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளின் கூடத்தை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நீளம் விகிதத்தாற் குறையுமாயின் கனவளவும் அதனோடு திணிவும் விகிதத்தின் கனத்தாற் குறையும். 80 தொன் நிறையுள்ள ஓர் எஞ்சினை இரட்டை ஓ அளவிற் குறுக்கினால் அது ஏறத்தாழ 180 கிராம். மூன்று மில்லிமீற்றர் அளவில் 76 கிராம். இத்துணை இலேசான பொருளுக்குச் சடத்துவம் ஏது? மின்னை நிறுத்தினால் சிற்றுரு நின்ற இடத்தில் நின்றுவிடும். உண்மை வண்டியோ பல நூறு மீற்றர் உருண்டு செல்லும். அளவைக் குறைக்கும்போது நாம் இழப்பது பருமனை மட்டுமன்று, பாரத்தின் நடையையும்தான். இவ்விழப்பை ஈடுசெய்யவே பிற்காலத்தில் இலக்கமுறை துணைக்கு வந்தது. அதனைக் கூறுமுன் எஞ்சினைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

இலங்கையில் டீசல் வண்டி 1938 முதல் ஓடுகின்றது. அவ்வாண்டு வந்த மூன்று தொடர் வண்டிகளும் வெள்ளியை முன்னொட்டாகக் கொண்ட ஆங்கிலப் பெயர்களைத் தாங்கின. 1950களில் இங்கிலாந்திலிருந்து பிரஷ் பாக்னல் எஞ்சின்கள் 25 வந்தன. அவை எம்1 வகுப்பு. அவற்றைத் தொடர்ந்து, 1954 முதல், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்2 எஞ்சின்கள் வந்திறங்கின. இவை ஜெனரல் மோட்டர்சு நிறுவனத்தின் ஜி12 என்னும் இனத்தவை. 1,425 குதிரைவலு உடையவை. ஒன்ராறியோ, அல்பேட்டா, மனிற்றோபா எனக் கனடிய மாகாணப் பெயர்களைப் பல தாங்கின. 628ஆம் இலக்க எஞ்சினுக்குக் காங்கேசன்துறை என்று பெயர். எமது பாதை தாங்கும் பாரத்துக்கு இயைய, இவற்றுட் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு சக்கரத்தொகுதியிலும் மூன்று அச்சுகள் வைத்து, நடு அச்சை மோட்டார் இன்றிப் பாரம் தாங்க மட்டும் விட்டனர். சிற்றுரு செய்வோர் இந்நுட்பத்தைக் கவனியாது மூன்று அச்சுக்கும் பற்சக்கரம் பூட்டுவதுண்டு.

மனிற்றோபா என்னும் 591ஆம் இலக்க எஞ்சினைப் பற்றி ஒரு சொல். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை கொழும்புக் கோட்டையினின்று புறப்பட்டு, நமது கரையோரமாகவே மாத்தறை நோக்கிச் சென்ற வண்டியை இழுத்தது அதுவே. பெரலியவில் ஆழிப்பேரலை அவ்வண்டியைப் புரட்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சின் மீட்கப்பட்டுத் திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது. அதன் சிற்றுருவைச் செய்ய எண்ணுவோர் வெறும் வண்ணப்பூச்சை மட்டும் எண்ணார்.

டீசல் மின் எஞ்சினில் பொறி சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. பொறி மின்பிறப்பாக்கியைச் சுழற்றும்; அங்கெழும் மின் அச்சுகளில் உள்ள மோட்டார்களைச் சுழற்றும். ஆதலால் பொறியின் சுழற்சிக்கும் வண்டியின் வேகத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. புறப்படும்போது பொறி முழங்கும், வண்டி மெல்ல அசையும். வேகம் கொண்டபின் சாரதி கைபிடியைத் தாழ்த்த, வண்டி விரையும், பொறி முணுமுணுக்கும். நீராவி எஞ்சினின் மூச்சு சக்கரத்தோடு பிணைந்தது. டீசலின் குரல் சாரதியின் கைபிடியோடு பிணைந்தது. ஒலிச்சிற்றுருச் செய்வோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே.

எம்2 எஞ்சினின் பொறி 12 உருளைகள் கொண்ட ஈரடிப்புப் பொறி. 567 என்பது அதன் இனப்பெயர், ஓர் உருளையின் கொள்ளளவு கன அங்குலத்தில். ஈரடிப்புப் பொறியில் ஒவ்வோர் உருளையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரியும். வாளா நிற்கையில் நிமிடத்துக்கு 275 சுற்று. ஆகவே செக்கனுக்கு 55 வெடிப்பு. முழுவலுவில் 835 சுற்று, 167 வெடிப்பு. அவற்றோடு காற்றூதியின் ஊளையும் சேரும். 1975இல் மொன்றியலிலிருந்து வந்த எம்4 எஞ்சினிலும் 12 உருளைகளே; ஆனால் அது அல்கோ 251 என்னும் நான்கடிப்புப் பொறி. இரு சுற்றுக்கு ஒருமுறையே எரியுமாதலின், 400 சுற்றில் நிற்கையிற் செக்கனுக்கு 40 வெடிப்பு. அதன் தாளமும் சீரானதன்று, நொண்டி நடப்பது போன்றது. வலுவைக் கூட்டும்போது சுழலூதி பின்தங்குவதாற் கரும்புகை தள்ளும். உருளை எண்ணிக்கை ஒன்றாயினும் குரல் இரண்டாவது இதனாலேயே. சிறுவர் செவி இவ்வேறுபாட்டைக் கணிதமின்றியே கண்டுகொள்கின்றது.

பழைய முறையிற் சிற்றுருத் தண்டவாளத்தில் 12 உவோற்று வரையான நேரோட்டம் பாய்ச்சுவர். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். ஒரு பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் ஒருங்கே ஓடும். யேர்மனியிற் பேர்ண்ட் லென்சு என்பார் வகுத்த முறையைத் தழுவி, அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990களின் நடுப்பகுதியிற் பொது நியமம் ஒன்றை வெளியிட்டது. இதன்படி தண்டவாளத்தில் முழு அழுத்தம் எப்போதும் உண்டு. ஆனால் அதன் திசை இடைவிடாது மாறும். அரைச்சுற்று 58 மைக்கிரோ செக்கன் நீடித்தால் அது ஒன்று. 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது பூச்சியம். இவ்விரண்டு குறிகளாலும் முகவரி, ஆணை, பிழை காட்டும் எண் என்பன கொண்ட சிறு பொதிகள் அனுப்பப்படும். ஒவ்வோர் எஞ்சினிலும் உள்ள சிறு சுற்றுப்பலகை தன் முகவரி வந்த பொதியை மட்டும் ஏற்று, அதே மின்னோட்டத்திலிருந்து தன் மோட்டாரையும் ஓட்டிக்கொள்ளும். மின்னும் சொல்லும் ஒரே கம்பியில் வருகின்றன.

இழந்த சடத்துவம் இங்கே திரும்பக் கிடைக்கின்றது. ‘நிறுத்து’ என்ற ஆணையைப் பெற்ற பலகை உடனே நிறுத்தாது, நாம் முன்னரே பதித்த கால அளவில் மோட்டாரைத் தணிக்கும். அதனுடன் ஒலியும் இணைகின்றது. உண்மை எஞ்சினை வாளா நிற்கும் நிலையிலும் எட்டு வலுப்படிகளிலும் தனித்தனியே பதிவுசெய்து, படிக்குப் படி ஏறும் இடைநிலையையும், ஊதல், தடுப்புக்காற்று ஆகியவற்றையும் வேறாகப் பதிந்து பலகையின் நினைவகத்தில் வைப்பர். ஆணை வந்ததும் பலகை முதலிற் பொறியை முழங்கவைத்துப் பின்னரே சக்கரத்தை அசைக்கும்.

ஆயினும் ஒலிக்கு அளவுத்திட்டம் இல்லை என்பதை மறத்தலாகாது. நீளத்தைப் போல மீடிறனையும் விகிதத்தால் மாற்றினால் எஞ்சின் கொசுவாகிவிடும். குறைக்கவேண்டியது ஒலியின் உரப்பையே. மேசையருகே நிற்பவன் நூறு மீற்றருக்கு அப்பால் நிற்பவன் கேட்கும் அளவையே கேட்டல் வேண்டும். விற்பனைக்கு வரும் சிற்றுருக்கள் பலவும் இவ்விடயத்தில் அளவின்றிக் கத்துகின்றன. இன்னோர் இடர், விரலகல ஒலிபெருக்கியாற் செக்கனுக்கு 55 அதிர்வை எழுப்ப முடியாது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அது ஊமை. அப்படியிருந்தும் நாம் அக்கனத்த குரலை ஓரளவு உணர்கின்றோம். மேற்றொனிகள் 110, 165, 220 எனச் சம இடைவெளியில் வரும்போது, கேளாத அடிப்படைத் தொனியைச் செவி தானே நிரப்பிக்கொள்ளும். ஒலிபெருக்கியின் பின்புறத்தைச் சிறு பெட்டியால் அடைத்தல் இன்றியமையாதது. இல்லையேல் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கடலுப்புக் காற்று வீசும் நமது வீடுகளிற் சக்கரத் தொடுகை அடிக்கடி அறுந்து ஒலி விக்கும். தண்டவாளத்தை நாடோறும் துடைப்பதோடு, பலகையில் ஒரு மின்கொள்ளளவியையும் இணைத்தல் நன்று.

இலங்கை எஞ்சினின் பதிவைத் தேடுவோர்க்கு ஒரு குறிப்பு. 567 பொறியின் ஒலி என்று விற்கப்படுபவற்றுட் பல 16 உருளைப் பொறியினவை. அவை எம்2இன் குரல் அல்ல. அமெரிக்கத் தரிப்பிடங்களிற் பெட்டி தள்ளும் எஸ்டபிள்யூ 1200 என்னும் சிற்றெஞ்சினிற் பூட்டியது 12 உருளை 567 பொறியே. அப்பதிவு மிக நெருங்கியது. எம்4க்கு மொன்றியலிற் செய்த ஆர்எஸ் 18இன் ஒலி பொருந்தும். ஊதலை மாற்றிக்கொள்க.

இவை உறவினர் குரலேயன்றி உரியவர் குரலாகா. எம்2 எஞ்சின்களுள் முதலில் வந்தவை 70 ஆண்டைக் கடந்தவை. ஓடுபவை அருகி வருகின்றன. உருவத்தைக் கடுகண்ணாவை அரும்பொருட்சாலை போன்ற இடங்கள் காக்கலாம். ஓடாத எஞ்சினின் ஒலியைக் காத்தல் இயலாது. எட்டுப் படிகளையும் முறையே பதிய எஞ்சின் பாரத்தோடு இருத்தல் வேண்டும், அருகே வேறு வண்டி இருத்தலாகாது, ஒலிவாங்கிகள் இரண்டேனும் வேண்டும்: ஒன்று புகைபோக்கியின் பக்கம், மற்றது சக்கரத்தின் பக்கம். வெள்ளவத்தை மேடையில் இதனைச் செய்ய முனைந்தால் எல்லாப் பதிவிலும் கடல் இரையும். புறப்படும் நிலையம் ஒன்றில், திணைக்களத்தின் இசைவோடு, வைகறைக்கு முன் செய்வதே தக்கது.