ஓட்டமும் மகப்பேறும்

மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மகப்பேறு வாய்க்கவில்லையெனில், நம்மவர் முதலில் பெண்ணையே நோக்குவர். அவளே வைத்தியரிடம் செல்கின்றாள். அவளே விரதம் இருக்கின்றாள். நாள்தோறும் பல மைல் ஓடும் திடகாத்திரமான கணவனிடத்துக் குறை இருக்கக்கூடுமென எவரும் எண்ணுவதில்லை. ஆனால், மகப்பேறு தாமதிக்கும் தம்பதிகளுள் ஏறக்குறைய அரைப்பங்கினரிடத்து ஆணின் குறையும் காரணமாகின்றது என்பது வைத்திய நூலார் கண்ட உண்மை.

அவ்வாறாயின் ஓட்டம் ஆண்மையைக் கெடுக்குமோ? அளவோடு செய்யின் கெடுக்காது. பருமன் குறைந்து உடல்நலம் பெருகுமாதலால் நன்மையே விளையும். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் விதந்துரைத்தது.

மரதன் ஓட்டம் போன்றவற்றுக்காக மாதக்கணக்கில் உடலை வருத்துவோர் நிலை வேறு. விந்தணு உற்பத்திக்கு ஆணை பிறப்பிப்பது மூளை. அதன் அடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும் ஓமோன்களே விதைகளைத் தொழிற்படுத்துகின்றன. ஓயாத உழைப்பும் போதாத உணவும் சேருமிடத்து, உடல் வருவாய் குன்றிய குடும்பத் தலைவனைப்போல நடந்துகொள்கின்றது. உயிர் காக்கும் செலவை முதலிற் செய்து, சந்ததிக்கான செலவைச் சுருக்குகின்றது. மூளையின் ஆணை தளர, ஆண்மை ஓமோனும் குறைகின்றது. இத்தகைய சக்திப் பற்றாக்குறை ஆண் வீரரையும் தாக்குமென்பதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது.

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை வினவி, 2017இல் தம் முடிவை வெளியிட்டனர். கடும் பயிற்சியை நெடுநேரம் செய்வோரிடத்து இல்லற வேட்கை குறைந்திருக்கக் கண்டனர். இதனால் தொடர்பொன்று புலனாகின்றதேயன்றி, பயிற்சியே காரணமென்பது நிறுவப்படவில்லை.

வெப்பமும் கருதத்தக்கது. உடலின் உள்வெப்பத்திலும் 2 முதல் 4 பாகை குறைந்த நிலையிலேயே விதைகள் செவ்வனே தொழிற்படும். ஆதலால் இறுக்கமான உடையை நெடுநேரம் அணிந்திருத்தல் தவிர்க்கத்தக்கது.

ஓட்டப் பிரியர்கள் அஞ்சவேண்டியதில்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லும். பயிற்சியைக் குறைத்து, வயிறார உண்டு, நன்கு உறங்கின், சில மாதங்களில் நிலைமை பெரும்பாலும் சீர்ப்படும். தீராத களைப்பு, வேட்கைக் குறைவு, அடிக்கடி எலும்பில் வெடிப்பு ஆகியன தோன்றின் வைத்தியரை நாடுதல் வேண்டும். தாமாகவே ஆண்மை ஓமோன் ஊசி ஏற்றிக்கொள்வது பெருந்தவறு; அது விந்தணு உற்பத்தியையே தடுத்துவிடும்.

மகப்பேறு இருவரும் வேண்டும் பேறு. ஆதலின் வைத்தியசாலை வாயிலிலும் மனைவியைத் தனியே நிறுத்தாது, கணவனும் உடன் செல்வானாக. எளிய விந்துப் பரிசோதனை ஒன்று, அவள் ஆண்டுக்கணக்கிற் சுமக்கும் வீண்பழியை நீக்கிவிடக்கூடும்.